மார்லிஸ் கொண்டுவந்த விளக்கு

மார்லிஸ் டுஃபெக் எனக்கு ஒரு வீட்டை விட்டுக்கொடுத்தாள். அதற்குப் பிறகு பதினொரு வருடம் என்னோடு பேசவில்லை. இந்த எரிச்சல் பதினொரு வருடமாக என் நெஞ்சுக்குள் கிடக்கிறது. பேசவே இல்லை என்று சொன்னால் பொய். சமையலறையில் பேசினாள். "முட்டை ரெண்டு, மஞ்சக்கரு உடையக் கூடாது." "பின்னாடி வரேன்." "கத்தி, பாத்து." அவ்வளவுதான். ஒரே அடுப்புக் கல்லுக்கு முன்னால் முழங்கை இடிக்க நின்று வேலை செய்த பொம்பளை, ஒரு நாள்கூட "எப்படி இருக்கே லைல்" என்று கேட்டதில்லை. நான் என்ன தப்பு செய்தேன்? வீட்டைக் கொடு என்று நான் கேட்டேனா?

ஊர் சும்மா இருக்குமா? நான் அவளை மிரட்டி வாங்கிவிட்டேன் என்றான் ஒருத்தன். எங்களுக்குள் என்னவோ இருந்து அறுந்துபோச்சு என்றாள் தபால் ஆபீசில் ஒருத்தி, நான் பின்னால் நிற்பது தெரியாமல். நான் யாருக்கும் பதில் சொன்னதில்லை. எனக்கே தெரியாததை என்னவென்று சொல்வது?

இந்த ஏப்ரலில் அவள் செத்துப்போனாள். ஒரு புதன்கிழமை. மறுநாள் வியாழக்கிழமை, வீட்டுக் குலுக்கல் நாள்.

அவள் நெப்ராஸ்காக்காரி. மேடு என்றால் சோளக் குவியல்தான் என்று இருக்கிற ஊர். இருபத்துநாலு வயதில், ஒரே ஒரு குளிர்காலம் பனிச்சறுக்கு ஆடிவிட்டுத் திரும்பிவிடலாம் என்று கால்டர் என்கிற எங்கள் மலை ஊருக்கு வந்தாளாம். அந்த ஒரு குளிர்காலம் முப்பத்தேழு ஆனது. சறுக்குவது எப்போதோ நின்றுவிட்டது, முழங்கால் போய்விட்டதால். அடுப்படி மட்டும் மிச்சம். நல்ல உயரம், ஆம்பளைக் கை, தலையில் சிவப்புத் துணி. ஒரே நேரத்தில் பதினாறு முட்டையைக் கல்லில் போட்டுவிட்டு, எது யாருக்கு என்று ஆர்டர் சீட்டைப் பார்க்காமல் சொல்வாள். கோபம் வந்தால் கத்தமாட்டாள், சிரிப்பாள். அது இன்னும் மோசம்.

எங்கள் முதலாளி கோர்டி விட்லாக். சறுக்க வருகிறவர்களை மலை மேல் ஏற்றுகிற லிஃப்ட்டுக்குப் போகிற வழியில் காலைச் சாப்பாட்டுக் கடை. வாசலில் "ஆள் தேவை" என்ற பலகை தொங்கும். வெயில் பட்டு வெளுத்து, எழுத்து தெரியாமல் போய், கோர்டி அதே எழுத்தின் மேல் மறுபடி மை போட்டிருந்தான். ஆள் வருவார்கள். சம்பளம் என்ன என்று கேட்பதற்கு முன்னால் தங்க இடம் எங்கே என்று கேட்பார்கள். கோர்டி கூரையைப் பார்ப்பான். ஆள் போய்விடுவான். ஊரில் இருக்கிற பாதி வீடு வருடத்துக்கு ரெண்டு வாரம் வந்து போகிறவர்களுடையது. ஜன்னலுக்குள் சோபா மேல் வெள்ளைத் துணி போர்த்திக் கிடக்கும். அந்த ஜன்னல்களைத் தாண்டித்தான் நாங்கள் படுக்கிற வேனுக்கும் நிலவறைக்கும் நடந்துபோவோம். கிறிஸ்துமஸ் வாரத்தில் கோர்டியே தட்டு கழுவுவான். செவ்வாய்க்கிழமை கடை மூடியிருக்கும். சாப்பிட ஆளில்லாமல் அல்ல, சமைக்க ஆளில்லாமல்.

மார்லிஸ் படுக்காத இடம் இந்த ஊரில் இல்லை. சலவைக் கடைக்கு மேல் ஐந்து பேரோடு ஒரு அறை. யாரோ ஒருவர் வீட்டுக் கராஜ். லுத்தரன் சர்ச்சுக்குப் பின்னால் வேன். கோடையில் காட்டில் கூடாரம், பதினாலு நாளுக்கு ஒரு தடவை வனத்துறைக்காரன் வந்து கிளப்பிவிடுவான், அரை மைல் தள்ளி மறுபடி அடிப்பாள். "எனக்கு ஊரெல்லாம் வீடு லைல், சாவி மட்டும்தான் எவன்கிட்டயும் இல்ல" என்பாள். அப்போது என்னோடு நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாள்.

சமையலறை வழக்கம் ஒன்று சொல்லவேண்டும். அது தெரியாவிட்டால் மிச்சம் புரியாது. அங்கே யாராவது ஒன்று சொன்னால் "சரி" என்றோ "ஏன்" என்றோ சொல்லக் கூடாது. தலையாட்டக் கூடாது. "கேட்டுது" என்று கத்தவேண்டும். சொன்னவருக்கு அது போதும், இனி அது உன் பொறுப்பு. நான் சேர்ந்த முதல் நாள், எனக்கு முப்பத்தெட்டு வயது, அவள் என்னவோ சொன்னாள், நான் தலையாட்டினேன்.

"எனக்கு முதுகுல கண்ணு முளைச்சிருக்கா? வாயத் திற."

"சரிங்க."

"சரியா தப்பான்னு உன்ன யாரு கேட்டா? கேட்டுதா?"

"கேட்டுது."

"இப்பதான் ஆளு மாதிரி இருக்கே."

அதற்குப் பிறகு அந்த வார்த்தை மூச்சு மாதிரி ஆகிவிட்டது. வங்கியில் சொல்லியிருக்கிறேன். பல் டாக்டரிடம் சொல்லியிருக்கிறேன். பழைய பெண்டாட்டி தொலைபேசியில் ஏசும்போதும் சொல்லியிருக்கிறேன், என்ன சொன்னாள் என்று தெரியாமலே.

பதினொரு வருடத்துக்கு முன்னால், செப்டம்பரில், டேனரித் தெருவில் ஒரு ரெண்டு அறை வீடு குலுக்கலுக்கு வந்தது. ஊரில் வேலை செய்கிறவனுக்கு மட்டும், குறைந்த விலைக்கு விற்க என்று நகராட்சி ஒதுக்கி வைத்த வீடு; ஜெயித்தவன் கெடுவுக்குள் பணம் கட்டவேண்டும். வேலை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் உன் பேர் எழுதின ஒரு பிங்பாங் பந்து கூண்டுக்குள் போகும். மார்லிஸுக்கு இருபத்தாறு பந்து. எனக்கு ஐந்து. பேரைக் கூப்பிட்டால் எழுந்து "இருக்கேன்" என்று சொல்லவேண்டும், சொல்ல ஆள் இல்லையென்றால் பந்து ஓரமாகப் போய்விடும். பத்தொன்பது வருடமாக அவள் அந்த இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து, அடுத்தவனுக்குக் கைதட்டிவிட்டு வந்தவள்.

முதல் பந்து: மார்லிஸ் டுஃபெக்.

"இருக்கேன்!" அந்தக் கூடத்தில் நாய் ஒன்று இருந்தது, அது குரைத்துவிட்டது.

ரெண்டாவது பந்து, முதல் ஆளுக்கு முடியாமல் போனால் என்பதற்காக எடுப்பது: லைல் ஹாகன். நான்தான். ஊரே சிரித்தது. மார்லிஸ் என் தோளில் ஒன்று வைத்தாள். "ரெண்டாவது வந்தவனுக்கு ஒரு மயிரும் கிடையாது. கைதட்டிட்டுப் போய் வெங்காயம் உரி." அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. நான் அதை முதல் தடவையாகப் பார்த்தேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை நகராட்சியிலிருந்து கூப்பிட்டார்கள். மார்லிஸ் நேற்று விலகிவிட்டாள், வீடு உனக்கு என்றார்கள். நான் நேராக அவளிடம் ஓடினேன். மூடியிருந்த கடையின் பின்வாசலில் உருளைக்கிழங்கு மூட்டை இறக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, வீட்ட வேணாம்னுட்டியாமே?"

"அதான் சொன்னேனே."

"என்ன சொன்னே?"

"லைல், இதுக்கு மேல இதப் பத்தி வாயத் திறக்காதே. எவன் காதுலயும் விழக் கூடாது. மூட்டையப் பிடி."

மூட்டையைப் பிடித்தேன். எப்போது சொன்னாள், என்ன சொன்னாள், ஒன்றும் புரியவில்லை. மறுபடி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. காரணத்தை மறைக்காமல் எழுதிவிடுகிறேன்: எனக்கு அந்த வீடு வேண்டும். துருவித் துருவிக் கேட்டு அவள் மனசு மாறிவிட்டால் என்ன செய்வது?

அக்டோபர் கடைசியில் குடிபோனேன். நாலாவது நாளே கோர்டி வந்து வாசலில் நின்றான், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு. பெருவிலிருந்து ரெண்டு சமையல்காரர்கள், ஒஸ்வால்தோவும் அவன் பெண்டாட்டி யனினாவும், பஸ்ஸில் வந்து இறங்கியிருக்கிறார்கள். அவர்களுக்காகக் கோர்டி பேசி வைத்திருந்த அறை கை நழுவிவிட்டது.

"லைல், இவங்க திரும்பிப் போயிட்டா நான் கடைய மூடிட்டு மீன் பிடிக்கப் போறேன். உன் பின் ரூம்ல என்ன இருக்கு?"

"என் சைக்கிள்."

"சைக்கிள நான் வாங்கிக்கறேன்."

சரி என்றேன். அன்றைக்கு மத்தியானமே யனினா அந்த ஜன்னலில் மஞ்சள் துணியைக் கட்டிவிட்டாள்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை, முதல் பெரிய பனி. மார்லிஸின் வேன் வந்து நின்றது. கையில் ஒரு விளக்கோடு இறங்கினாள். பித்தளைத் தண்டு, ஓரம் பிய்ந்த துணிக் கூடு, நெஞ்சுயரத்துக்கு நிற்கிற விளக்கு. அவள் அக்காவுடையது என்று எனக்குத் தெரியும். வேனில் எப்போதும் கம்பளிக்குள் சுற்றி வைத்திருப்பாள்.

"அடடா, எனக்கா? புது வீட்டுக்கு எதுக்கு இதெல்லாம்?" என்று ரெண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. எனக்கு யாரும் எதுவும் கொடுத்துப் பழக்கமில்லை.

அவள் என்னைப் பார்க்கவில்லை. கதவோரம் கிடந்த ரெண்டு ஜோடி பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரோடது?"

"ஒஸ்வால்தோ, அவன் பெண்டாட்டி. கோர்டி கேட்டான். பின் ரூமு சும்மாதான கிடந்துச்சு."

"சும்மா," என்றாள். மஞ்சள் துணி கட்டின ஜன்னலை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு சிரித்தாள். "வெச்சுக்கோ."

"உள்ள வாயேன், காப்பி குடிச்சிட்டுப் போ."

"பனி கொட்டுது. சர்ச்சுல இடம் பிடிக்கணும்."

வேனின் பின்கதவு திறந்திருந்தது. உள்ளே அட்டைப்பெட்டிகள், சுருட்டின மெத்தை, அவளுடைய இரும்பு வாணலி. அவள் வேன் என்றைக்கும் அப்படித்தானே இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாளிலிருந்துதான் பேச்சு நின்றது.

என்னென்னவோ நினைத்துப் பார்த்தேன். விளக்குக்குப் பதில் நான் ஏதாவது கொடுத்திருக்க வேண்டுமோ? நெப்ராஸ்காவில் அப்படி ஒரு வழக்கம் இருக்குமோ? ஒரு பாட்டில் விஸ்கி வாங்கிக் கொடுத்தேன். அதை அப்படியே தட்டு கழுவுகிறவனிடம் தள்ளிவிட்டாள். வீட்டை விட்ட வருத்தமா? அப்படியென்றால் ஏன் விட்டாள்? கோர்டியிடம் கேட்டேன். "பொம்பளைங்க" என்றான். அவனுக்கு மூன்று தடவை விவாகரத்து ஆகியிருக்கிறது.

பெருக்காரர்கள் மூன்று குளிர்காலம் இருந்துவிட்டு டென்வருக்குப் போனார்கள். அறை காலியானது. அப்போது மார்லிஸ் மலைக்கு அந்தப்பக்கம் ஐம்பது மைல் தள்ளி ஒரு டிரெய்லரில் பாதி வாடகைக்கு இருந்தாள். விடியற்காலை கணவாய் மூடிவிட்டால் வேலைக்கு வரமுடியாது என்று, பனி கொட்டும் என்று ரேடியோ சொன்னால் கடையின் மாவு மூட்டை அறையிலேயே படுத்துக்கொள்வாள். ஒரு நாள் அவள் தனியாக இருக்கும்போது சொன்னேன்.

"பின் ரூமு காலியா இருக்கு. நீ வந்து இருந்துக்கயேன்."

கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது. நான் ஏதோ கேலி செய்கிறேனா என்று என்னைப் பார்த்தாள்.

"எனக்கு ஒரு தடவை போதும்," என்றாள்.

எது ஒரு தடவை? அந்த ஒரு வாக்கியத்தை எட்டு வருடம் மென்றுகொண்டிருந்தேன்.

இந்த மார்ச்சில் சர்ச்சுக்குப் பின்னால் பனிக்கட்டியில் சறுக்கி விழுந்தாள். இடுப்பு எலும்பு. கீழே பள்ளத்தாக்கு ஆஸ்பத்திரியில் எலும்பை ஒட்டவைத்தார்கள், பிறகு நுரையீரலில் சளி கட்டிக்கொண்டது. அவள் சாவதற்கு முந்தின வாரம் கோர்டி மூலம் எனக்கு ஒரு சேதி வந்தது: சனிக்கிழமை லைலை வரச் சொல்லு. நான் பயந்துகொண்டே போனேன். எதற்குப் பயம் என்று தெரியாது.

மூக்கில் குழாய். தலையில் சிவப்புத் துணி இல்லை, முடி மொத்தமும் நரைத்துக் கிடந்தது. அது எனக்குத் தெரியாது.

"உக்காரு. கல்லுல யாரு?"

"கோர்டி."

"ஐயோ, ஜனங்க பாவம்."

நான் சிரித்தேன். அவளும் சிரித்து இருமினாள். பிறகு கேட்டாள், "விளக்கு எரியுதா?"

"எரியுது. பல்பு மாத்திட்டே இருக்கேன். மார்லிஸ், அந்த விளக்கு விஷயம், நான் திருப்பி ஏதாவது குடுத்திருக்கணுமா?"

"என்ன ஒளர்றே?"

"வீட்டுக்குப் பரிசு குடுத்தியே."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"பரிசா? அடப் பாவி. நான் குடிவந்தேன்டா."

நான் நாற்காலியைக் கட்டில் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"நான் விலகறதுக்கு முந்தின நாள், ஞாயித்துக்கிழமை, கல்லுக்கு முன்னாடி, உன்கிட்ட சொன்னேன்ல. அக்காவோட ஆஸ்பத்திரிக் கடனுக்கு நான் கையெழுத்து போட்டிருக்கேன், பேங்க்ல எனக்கு லோன் கிடையாதுன்னுட்டான், கெடு முடியறதுக்குள்ள நான் விலகிக்கறேன், வீட்ட நீ வாங்கிக்கோ, பின் ரூமு எனக்கு, வாடகை தந்துடறேன், இது நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும். நீ என்ன சொன்னே?"

"என்ன சொன்னேன்?"

"கேட்டுதுன்னே."

அறையில் ஏதோ ஒரு பெட்டி டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருந்தது.

"மார்லிஸ், அன்னிக்குக் கம்பியில பதினேழு சீட்டு தொங்கிச்சு."

"எனக்கும் அதே பதினேழுதான் தொங்கிச்சு."

"நான் பழக்க தோஷத்துல சொல்லிருப்பேன். மேல ஃபேன் வேற இரைஞ்சுது. சத்தியமா காதுல ஏறல."

"இருக்கலாம்."

"அப்ப வீட்டு வாசல்ல வெச்சே கேட்டிருக்கலாம்ல? செருப்பால அடிச்சிருக்கலாம்ல?"

"கதவோரம் அந்த பூட்ஸப் பாத்தேன். ஒரு குடும்பத்த வெளிய தள்ளிட்டு நான் உள்ள போறதா? அதுவும் இல்லாம, கேட்டுதுன்னு சொன்னவன்கிட்ட என்னத்தத் திரும்பக் கேக்கறது? மறந்துட்டான்னு தோணியிருந்தா மன்னிச்சிருப்பேன் லைல். ஏமாத்திட்டான்னு நெனச்சேன்."

"இப்ப?"

"இப்ப தெரியல. எனக்குத் தெரியாது. நீ சொல்லு, கேட்டுதா கேக்கலையா?"

வாயைத் திறந்தேன். கேட்கவில்லை என்று சொல்லத்தான் திறந்தேன். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை அப்போது கண் முன்னால் வந்து நின்றது. கருகுகிற வெண்ணெய் வாசனை, அவள் வாய் அசைவது, சிவப்புத் துணியில் மாவு. அதற்கு நடுவில் "பேங்க்" என்று ஒரு சொல். அது அன்றைக்கு என் காதில் விழுந்ததா, இல்லை இப்போது அவள் சொல்லிக் கேட்டதால் அங்கே போய் ஒட்டிக்கொண்டதா? நகராட்சியிலிருந்து கூப்பிட்டபோது நான் ஏன் அவ்வளவாக ஆச்சரியப்படவில்லை? ஏன் மூட்டையைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தேன்? இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியவில்லை. ஒரு நாள் கேட்டது போல இருக்கிறது, ஒரு நாள் கேட்கவே இல்லை போல இருக்கிறது. அந்த விளக்குக்குக் கீழே உட்கார்ந்துதான் இதை யோசிக்கிறேன்.

"தெரியல," என்றேன்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "பொய் சொல்லல. அது போதும்."

"எந்திரிச்சு நடந்ததும் நேரா வா. பின் ரூம்ல இப்ப ஒரு லிஃப்ட்காரன் இருக்கான், சீசனோட போயிடுவான். இல்லன்னா அவனுக்கு ஹால்ல மெத்தை போடறேன்."

"உன் ரூமு எனக்கு எதுக்கு? நீ குறட்டை விடுவே. எனக்கு என் கதவு வேணும், என் பேர் போட்டு." தலையணைக்குக் கீழே கையை விட்டு மடித்த தாள் ஒன்றை எடுத்தாள். நகராட்சி முத்திரை, கீழே அவள் கையெழுத்து, நடுவில் என் பேர். "வியாழக்கிழமை குலுக்கல். மில் தெருவுல ஒரு ரூம் வீடு, வாடகைக்கு, பேங்க்காரன் மூஞ்சில முழிக்க வேணாம். கீழ் தளம், படி கிடையாது. எனக்கு முப்பத்தேழு பந்து. நான் வரமுடியாதுன்னு எழுதிக் குடுத்துட்டேன், எனக்குப் பதிலா நீ போய் உக்காரணும். கடைசி பந்து வரைக்கும். நடுவுல காப்பிக்கு எந்திரிச்சுப் போகக் கூடாது."

"கேட்டுது."

அவள் கை என் மணிக்கட்டைப் பிடித்தது. இன்னும் ஆம்பளைக் கைதான்.

"அந்த வார்த்தைய என்கிட்ட சொல்லாதே. நான் என்ன சொன்னேன்? திருப்பிச் சொல்லு."

"வியாழக்கிழமை. நகராட்சிக் கூடம். கடைசி பந்து வரைக்கும் நான் உக்காந்திருக்கணும்."

"பேரைக் கூப்பிட்டா?"

"மார்லிஸ் டுஃபெக்னு கூப்பிட்டா, நான் எந்திரிச்சு, 'அவ இருக்கா'ன்னு சொல்லணும்."

"சத்தமா."

"சத்தமா."